பூபதி தேய்த்த சட்டைகள்

சித்திரை பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, ஊத்துக்குளி ரோட்டில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில், பூபதி தேய்த்து அடுக்கிய வெள்ளைச் சட்டைகள், மடிப்புக் கலையாமல், பாலிதீன் கவருக்குள் இருந்தபடியே, வியர்க்க ஆரம்பித்தன. முதலில் கைப்பட்டிகள் வியர்த்தன, பிறகு காலர், பிறகு அக்குள், கடைசியாக முதுகு. பேக்கிங்கில் இருந்த ரஞ்சிதம் அட்டைப்பெட்டியின் அடி நனைந்திருப்பதைப் பார்த்துக் கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தாள். மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. ஒரு சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள், நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள், "உப்புக் கரிக்குதுங்க, ஆரோ உள்ள உக்காந்து வேல செய்யறாப்பல இருக்குது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பெட்டிக்குள் போடுகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு டேப் ஒட்டினாள். அன்றைக்குப் போக வேண்டிய பெட்டிகள் நிறைய இருந்தன.

பூபதிக்கு வயது பத்தொன்பது. பிறந்ததிலிருந்து அவனுக்கு ஒரு சொட்டு வியர்த்தது கிடையாது. தலைமுடி சோளக்கதிரின் நார் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும். வாயில் பல் நாலைந்து, அதுவும் கூர்கூராக. பள்ளிக்கூடத்தில் அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் சிரித்துச் சிரித்தே ஒன்பதாவதோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் அவன் உடம்பு தோசைக்கல்லாகச் சுடும், பேச்சு குழறும்; அதனால் நனைத்துப் பிழிந்த துண்டு ஒன்று எந்நேரமும் அவன் கழுத்தில் கிடந்தது. அவன் அம்மா மயிலாத்தாளின் தாய்மாமன் இப்படித்தான் இருந்தார், இப்படியே கடலைக்காட்டில் களையெடுக்கும்போது உச்சி வெயிலில் விழுந்து செத்தார். முனி அடித்துவிட்டது என்று ஊர் சொல்லிற்று, காட்டுக்காரர் ஒரு கோழி வாங்கிக் கொடுத்ததோடு சரி.

முனி இல்லை என்பதைப் பூபதியின் அக்கா கோகிலவாணி கல்லூரியில் இரண்டாம் வருடம் தெரிந்துகொண்டாள். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். விலங்கியல் வகுப்பில் ஆசிரியை கரும்பலகையில் வட்டமும் சதுரமுமாக ஒரு குடும்பத்தை வரைந்து, தோலின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்: தாய் வயிற்றில் பிள்ளை உள்ளங்கை அளவு இருக்கும்போது, தோலின் மேலடுக்கும் கீழடுக்கும் ஒன்றோடொன்று சேதி பேசிக்கொள்ளும், ஒரு மரபணு சேதியைச் செய்து அனுப்பும், இன்னொரு மரபணு அதை வாங்க வாசல் கட்டி வைத்திருக்கும், சேதி போய்ச் சேர்ந்த இடத்தில் தோல் குழிந்து, நூல் மாதிரி கீழே இறங்கி, அடியில் சுருண்டு வியர்வைச் சுரப்பியாகும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் முதலில், கழுத்திலும் அக்குளிலும் முதுகிலும் பிறகு, அதே சேதிதான் தலைமுடிக்கும் பல்லுக்கும், அந்த மரபணுவில் ஒரு பிழை இருந்தால் சேதி போகாது, பிறந்த பிறகு எந்தச் சேதியாலும் புதிதாக ஒரு சுரப்பியை உண்டாக்க முடியாது. கோகிலா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். தன் வீடு கரும்பலகையில் இருந்தது, அம்மாவின் தாய்மாமனுடைய சதுரத்துக்குள், செத்தவர் என்று குறுக்குக்கோடு போட்டிருந்தது.

லீவுக்கு வந்தபோது அம்மாவின் முதுகில் அயோடின் தடவி, காய்ந்ததும் மரவள்ளி மாவைத் தூவி, வெயிலில் உட்கார வைத்துப் பார்த்தாள். வியர்த்த இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழுந்தது. நடுவில் புள்ளியே விழாத பட்டைகள், வாய்க்கால் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. பாதி உடம்புக்குச் சேதி போயிருந்தது, பாதிக்குப் போகவில்லை. "என்ன கண்ணு, புலியாட்டமா இருக்கறேன்?" என்று மயிலாத்தாள் கேட்டாள். தன் முதுகிலும் அந்தப் பட்டைகள் இருக்குமோ என்று மட்டும் கோகிலா பார்க்கவில்லை. அதற்கு இன்னொருத்தர் மாவு தூவ வேண்டும், அந்த இன்னொருத்தரைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

படித்து முடித்து, விலங்கியலுக்கு எங்கேயும் வேலை கிடைக்காமல், அந்தக் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தாள். தைத்து வருகிற பீஸில் கறையோ, தையல் விட்டதோ, ஓட்டையோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவள் எதையும் விடமாட்டாள், இல்லாத குறைக்கு ஒட்டவும் மாட்டாள். தம்பியையும் அங்கே சேர்க்கக் கேட்டபோது, மேனேஜர் தண்டபாணியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, கரும்பலகையில் இருந்தது முழுவதையும் வரிசை பிசகாமல் சொன்னாள்.

"அப்பிடின்னா வேர்க்கவே வேர்க்காதுங்களா அம்மிணி?" என்று கேட்டார் தண்டபாணி. யாரையும் வாடா போடா என்று பேசாத மனிதர் அவர்.

"வேர்க்காதுங்க சார். அதனாலதான் பேக்கிங்ல, ஃபேனுக்குப் பக்கமா..."

"ஒரு சொட்டுக்கூட?"

"இல்லீங்க சார். உள்ளுக்குள்ளயே சூடு ஏறீரும். அதான் பயம்."

தண்டபாணி பூபதியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை எடுப்பவர்போல. அயர்ன் செக்‌ஷனில் ஆட்களின் நெற்றியிலிருந்து சொட்டுகிற வியர்வையால் வெள்ளைப் பீஸ்கள் கறையாகிக்கொண்டிருந்தன. கறைக்காக, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் அவரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். "இத்தன நாளா எங்கீங் ஒளிச்சு வெச்சிருந்தீங்க இந்தத் தம்பிய?" என்றார். பூபதியை நேராக அயர்ன் செக்‌ஷனில், பாய்லருக்குப் பக்கத்து மேசையில் நிறுத்தினார்.

கோகிலா சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அன்றைக்கு அவள் மறுபடியும் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள், "சார், சூடு..." என்று ஆரம்பித்தாள், "அதான் துண்டு இருக்குதுங்களே" என்று அவர் போனை எடுத்துக் காதில் வைத்தார். பூபதியே அவளைத் தடுத்தான். "விடுக்கா. என்ற ஒடம்ப மொத மொதலா ஒரு ஆளு நல்லதுன்னு சொல்லீருக்கறாரு."

அப்படித்தான் சட்டைகள் வியர்க்கும்படி ஆயிற்று.

கம்பெனி முதலில் சோப்பை மாற்றியது, பிறகு நூலை மாற்றியது, பிறகு கேட்டில் பூசணிக்காய் உடைத்தது. சட்டைகள் வியர்த்துக்கொண்டேயிருந்தன. கப்பலுக்குப் போக முடியாத பெட்டிகள் கழித்த சரக்கு விற்கும் செகண்ட்ஸ் கடைகளுக்குப் போயின, கடைகளிலிருந்து கிலோக்கணக்கில் ஊருக்குள் போயின. தார் ரோடு போடுகிறவர்கள் அதைப் போட்டுப் பார்த்தார்கள். முதுகோடு ஒட்டிக்கொண்டு, காற்றடிக்கும்போதெல்லாம் பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்றிருந்தது. அதைப் பார்த்துக் கட்டட வேலைக்காரர்கள் வாங்கினார்கள், சாயப்பட்டறைக்காரர்கள் வாங்கினார்கள், டவுன்பஸ் கண்டக்டர் யூனிஃபார்முக்குள் போட்டுக்கொண்டார். காய்ச்சல் கண்ட குழந்தைகளை அதில் சுற்றினார்கள், வேர்க்குரு போட்டவர்கள் அதை விரித்துப் படுத்தார்கள். சாயங்காலம் கழற்றி உதறினால் வெள்ளையாக உப்பு உதிர்ந்தது. அதை மோரில் போட்டால் ருசி என்று யாரோ சொல்லப்போய் மயிலாத்தாள் அந்த வீட்டு வாசலில் நின்று, "என்ற பையன்ற உப்பத் திங்கறதுக்கு உங்களுக்கு நாக்கு கூசலியா" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பூபதி லீவு போட்ட நாளில் ஊரில் ஒரு சட்டையும் வியர்க்கவில்லை. பாய்லர் பக்கம் வேலை அதிகமாக இருந்த மத்தியானங்களில் எல்லாச் சட்டைகளும் ஒரே நேரத்தில் ஊற்றின. அவன் எவ்வளவு சூடாகிறானோ அவ்வளவு இவர்களுக்குக் குளிர்ந்தது. முதல் வாரம், "பாவம்ங்க அந்தப் பையன்" என்றார்கள். அடுத்த வாரம் டீக்கடையில் கோகிலாவைப் பார்த்துக் கண்டக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"ஏனுங் அம்மிணி, நேத்து மத்தியானம் என்ற சட்ட காஞ்சே கெடந்துச்சு. உன்ற தம்பிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கறான். நேத்து லீவு."

"அடடே. சித்திர மாசத்துல லீவு போட்டா எப்பிடிங்க?"

கோகிலா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு நடந்தாள். அவள் பயந்தவள், பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கப் பயம், ஆபீஸ் கதவைத் தட்டப் பயம். ஆனால் அன்றைக்கு நடக்க நடக்க அவளுக்குள் ஏறியது பயமில்லை. ஊரே அவள் தம்பியை உடுத்திக்கொண்டு திரிந்தது. எதிரில் வந்த ஒவ்வொரு ஈர முதுகும் அவனுடையதாக இருந்தது, அவன் முதுகு மட்டும் அடுப்புச் சாம்பல் மாதிரி காய்ந்திருந்தது.

வீட்டில் ஒரு சட்டைக்கு அயோடின் தடவி மாவு தூவினாள். கைப்பட்டியில் நெருக்கமாகக் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன, பிறகு காலரில், பிறகு அக்குளில், பிறகு முதுகு முழுவதும். கரும்பலகையில் இருந்த அதே வரிசை. ஒரு பட்டைகூட விடுபடவில்லை. மயிலாத்தாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தாள். "அவன் வவுத்துல இருக்கறப்ப நான் சொல்ல மறந்தத இப்பச் சொல்லியிருக்கறேனாட்டம் இருக்குது" என்றாள். பிறகு, "போயும் போயும் துணிகிட்டச் சொல்லியிருக்கறேன் பாரு."

கம்பெனி சட்டையைச் சோதனைக்கு அனுப்பியது. வந்த பதிலைத் தண்டபாணி கோகிலாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். ஒரே ஒரு ஆணின் வியர்வை என்று இருந்தது. அந்த ஆளுக்கு வியர்வைச் சுரப்பி உண்டாக முடியாதபடி மரபணுவில் பிழை இருப்பதாகவும் இருந்தது. அவள் வாசித்து முடித்துவிட்டு, இனியாவது பூபதியை அந்த மேசையிலிருந்து எடுத்துவிடுவார் என்று நின்றாள். தண்டபாணி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"தானே குளுந்துக்கற சட்ட. ஒலகத்துல எவன்கிட்டயும் இல்ல. வைகாசில ஒரு பையர் வர்றாங்க அம்மிணி. தம்பிய நல்லாப் பாத்துக்கோணும்."

"சார், சட்டைக்கு எவ்வளவு வேர்க்குதோ அவ்வளவு அவனுக்குச் சூடுங்க சார். செத்துப்போயிருவான்."

"அப்பிடியெல்லாம் சொல்லக் கூடாதுங் அம்மிணி. படிச்ச புள்ள நீங்க."

வீட்டில் பூபதியிடம் வேலையை விடச் சொன்னாள். அவன் தலையைக் குனிந்து துண்டை நனைத்துக்கொண்டிருந்தான். "பையர் வந்துட்டுப் போகட்டும்க்கா. அப்புறம் பேக்கிங்ல போடறேன்னு மேனேஜர் சொல்லியிருக்கறாரு." அவள் அவன் சொன்னதை நம்பவில்லை, ஆனாலும் மறுநாள் இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள்.

பையர் வந்தது ஓர் உச்சிப்பொழுதில். வெளுத்த தலைமுடியும் தொளதொள வெள்ளைச் சட்டையுமாக ஒரு வெள்ளைக்காரம்மா, கூட மொழிபெயர்க்க ஒரு ஆள். அவர்கள் வருவதற்கு முன்பே தண்டபாணி அயர்ன் செக்‌ஷனின் ஜன்னல்களைச் சாத்திக் கொண்டி போடச் சொல்லிவிட்டார், தூசி வருகிறதாம். எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தச் சொன்னார், சத்தமாக இருக்கிறதாம். கடைசியாகப் பூபதியிடம் வந்து கையை நீட்டினார்.

"துண்டக் குடுங்க தம்பி. பையர் முன்னாடி ஈரத்துணி அசிங்கமாத் தெரியும். அர மணி நேரந்தான்."

பூபதி செக்கிங் மேசையிலிருந்த அக்காவை ஒருமுறை பார்த்தான். அவள் எழுந்தாள். அதற்குள் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டான். தண்டபாணி அதைச் சுருட்டித் தன் மேசை டிராயரில் வைத்துச் சாத்தினார்.

நீளமேசையில் வரிசையாக விரித்து வைத்திருந்த சட்டைகள் வியர்த்தன. கைப்பட்டியில் முத்து முத்தாகத் துளிர்த்து, காலரில் கோடாக இறங்கி, முதுகில் பரவி, மேசை விளிம்பிலிருந்து சொட்டி, தரையில் ஓடின. வெள்ளைக்காரம்மா கையை அதன் மேல் வைத்து, கண்ணை மூடி, ஏதோ சொன்னாள். "ஓடையில கை வெச்ச மாதிரி இருக்குன்னு சொல்றாங்க" என்றான் மொழிபெயர்ப்பவன். வெளியே ரோட்டில் தார் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து, இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்று ஒருவரிடம் ஒருவர் சொன்னார்கள். பஸ்ஸில் கண்டக்டர் சட்டை முதல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு, விசில் அடித்து, ஒரு பாட்டை முணுமுணுத்தார். ஊரில் எத்தனை தொட்டிலில் எத்தனை குழந்தைகள் அந்த நேரத்தில் அழுகையை நிறுத்தித் தூங்கின என்று யாருக்கும் தெரியாது.

பூபதி தேய்த்துக்கொண்டிருந்தான். முகம் செங்கல்லாகிவிட்டிருந்தது. ஒரே சட்டையை மறுபடி மறுபடி மடித்தான், பிரித்தான், மடித்தான். "அம்மா, கதவச் சாத்தும்மா, குளுருது" என்றான், எதிரில் யாருமில்லை. கோகிலா மேசையைத் தள்ளிக்கொண்டு ஓடிவருவதற்குள் அயர்ன் பாக்ஸைப் பத்திரமாக அதன் தட்டில் நிமிர்த்தி வைத்துவிட்டு, தரையில் சரிந்தான்.

தொட்டால் கை சுட்டது. தண்ணீர் கேன் அந்தக் கோடியில், பேக்கிங்குக்கும் அப்பால் இருந்தது. கோகிலா நீளமேசையைப் பார்த்தாள். வெள்ளைக்காரம்மாவின் கைக்குக் கீழே இருந்த சட்டையை உருவினாள், அதற்கடுத்ததை உருவினாள், அள்ளிக்கொண்டு வந்து தம்பியின் நெஞ்சில் போட்டாள், கழுத்தில் சுற்றினாள், அக்குளில் திணித்தாள்.

"அது சேம்பிளுங் அம்மிணி. கீழ வைங்க" என்றார் தண்டபாணி, அப்போதும் மரியாதையாக.

"ரஞ்சிதக்கா, பொட்டியப் பிரிங்க" என்றாள் கோகிலா. அவள் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ரஞ்சிதம் கப்பலுக்குப் போகக் கட்டி வைத்திருந்த பெட்டிகளைக் கத்தரியால் கிழித்தாள். டெய்லர்கள் எழுந்து வந்தார்கள், தைத்ததை மடித்துக் கொடுக்கும் கைமடிப் பெண்கள் வந்தார்கள், கை மாற்றிக் கை மாற்றி ஈரச் சட்டைகள் வந்தன. தொடை, கால், நெற்றி, எல்லாம் வெள்ளையால் மூடியாயிற்று. "ஈரம் மட்டும் பத்தாது, காத்து வேணும்" என்று கோகிலா சொன்னாள், "அட்டைய எடுத்து வீசுங்க." அயர்ன் ஆட்கள் கொண்டிகளைத் தட்டி ஜன்னல்களைத் திறந்தார்கள், யாரோ ஃபேனைப் போட்டார்கள், மற்றவர்கள் பெட்டி மூடிகளை இரண்டு கையாலும் பிடித்து வீசினார்கள். "எக்ஸ்போர்ட் பீஸுங்க, எக்ஸ்போர்ட் பீஸுங்க" என்று தண்டபாணி சுற்றிச் சுற்றி வந்தார். "உங்க பீஸக் கொண்டுபோய்க் கெணத்துல போடுங்க சார், கொஞ்சம் தள்ளுங்க, காத்து மறைக்குது" என்றாள் ரஞ்சிதம்.

அவனுடைய வியர்வை பத்தொன்பது வருடம் கழித்து அவன் உடம்புக்கு வந்து சேர்ந்தது. அது காயக் காயச் சூடு இறங்கியது. சூடு இறங்க இறங்க, அவன் மேல் கிடந்த சட்டைகள் ஒவ்வொன்றாக வியர்ப்பதை நிறுத்தின. மேசையில் மிச்சமிருந்தவை நிறுத்தின. ரோட்டில் தார் ஊற்றியவர்கள் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள், கண்டக்டரின் பாட்டு நின்றது. எல்லாச் சட்டைகளிலும் உப்பு மட்டும் கோடு கோடாக வெளுத்துக் கிடந்தது. பூபதி கண்ணைத் திறந்தான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார்கள், அது பாலம் தாண்டி வந்துகொண்டிருந்தது.

"அக்கா, என்ற துண்டு எங்க?"

கோகிலா எழுந்தாள். அவளுடைய சுடிதார் பையில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ரோல் இருந்தது. வெள்ளைக்காரம்மா காய்ந்துபோன சட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்து, "டிஃபெக்ட்?" என்று கேட்டாள். அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த அவளுடைய வார்த்தை அது ஒன்றுதான். அவள் கை பூபதியின் பக்கம் நீண்டிருந்தது.

கோகிலா ரோலை எடுத்து ஒரு ஸ்டிக்கரைப் பிய்த்தாள். அதைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தாள். தண்டபாணியிடம் வரிசை பிசகாமல் சொன்னவள் அவள்தான். பிறகு, தான் சொன்னது எதற்காக, அவர் கேட்டது எதற்காக என்று நினைத்தாள். தன்மேல் ஒட்டவில்லை. நேராகப் போய்த் திறந்து கிடந்த ஜன்னலின் கொண்டியில் ஒட்டினாள். அடுத்ததை எக்ஸாஸ்ட் ஃபேனின் சுவிட்சில் ஒட்டினாள். அடுத்ததைப் பாய்லர் பக்கத்து மேசையில், தம்பி நின்ற இடத்தில். ஆபீஸுக்குள் போய் டிராயரை இழுத்து, துண்டை எடுத்துக்கொண்டு, டிராயருக்கு ஒன்று ஒட்டினாள். தைக்கும் மெஷின்களெல்லாம் நின்றிருந்தன.

திரும்பி வந்து தண்டபாணிக்கு முன்னால் நின்றாள். அவர் ஒரு அடி பின்னால் போனார், பின்னால் பெட்டிகள் அடுக்கியிருந்தன. இஸ்திரி கலையாத அவருடைய சட்டையில், நெஞ்சுக்கு நேராக, அம்பின் நுனி உள்ளே பார்க்கும்படி வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள், பிய்த்தால் துணியோடு வருகிற மாதிரி.

"அம்மிணி" என்றார் அவர்.

"கோகிலவாணி" என்றாள் அவள்.

வெள்ளைக்காரம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அவளுடைய கைப்பட்டியில் கோகிலா ஒன்றை ஒட்டிவிட்டு, துண்டை நனைத்துப் பிழிந்து, தம்பியின் கழுத்தில் போட்டாள். ஆம்புலன்ஸில் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தபோது, கேட்டுக்கு வெளியே டவுன்பஸ் நின்றிருந்தது. கண்டக்டர் படிக்கட்டில் இறங்கி நின்று, காய்ந்த சட்டையை உதறிக்கொண்டே, "என்ன அம்மிணி ஆச்சு, திடீர்னு நின்னுபோச்சு" என்று கேட்டார்.

ரோலில் இன்னும் நிறைய ஸ்டிக்கர் இருந்தது. கோகிலா ஒன்றைப் பிய்த்து, கதவுக்கு வெளியே அவருடைய சட்டையை நோக்கிக் கையை நீட்டினாள்.